ஏ1சி ஒன்று சொல்ல, வீட்டு மெஷின் வேறு சொன்னால்: ஹீமோகுளோபின் வேரியன்ட் உள்ளவர்களுக்கான சர்க்கரைப் பரிசோதனை வழிகாட்டி

“ஏனுங்க, வீட்டு மெஷின்ல பார்த்தா வெறும் வயித்துல 148, சாப்பிட்டு 230ன்னு காட்டுது. மூணு மாசச் சுகர் டெஸ்ட்ல மட்டும் 5.4ன்னு நார்மலா வருது. எதைங்க நம்பறது?”

ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கம் லேப் கவுண்ட்டரில் நிற்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வழக்கமாகக் கிடைக்கும் பதில், “ஸ்ட்ரிப் பழசாயிருக்கும், மாத்திப் பாருங்க” என்பதுதான். பல நேரம் அது சரியான பதிலும்கூட. ஆனால் சிலருக்கு ஸ்ட்ரிப்பிலும் கோளாறு இருக்காது, லேபிலும் கோளாறு இருக்காது. அவர்கள் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினே பிறவியிலிருந்து கொஞ்சம் வேறு ரகமாக இருக்கும். இப்படி மாறிய ரகத்தைத்தான் ஹீமோகுளோபின் வேரியன்ட் என்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல், ஏ1சி என்ற அந்த மூணு மாசச் சுகர் டெஸ்ட் எண்ணை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து. எண் பொய்யாகக் குறைந்து வந்தால் கண்ணும் சிறுநீரகமும் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் கெட்டுக்கொண்டிருக்கும். பொய்யாகக் கூடி வந்தால், தேவைக்கு மேல் மாத்திரை போட்டு, லோ சுகர் ஆகி மயங்கி விழ வேண்டிவரும்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே மாற்றக்கூடாது. சரியான கேள்வியோடும் கையில் சரியான காகிதங்களோடும் டாக்டரிடம் போவதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஏ1சி எதை அளக்கிறது

ரத்தச் சிவப்பணுவுக்குள் நிரம்பியிருப்பது ஹீமோகுளோபின். பெரியவர்கள் உடம்பில் இருப்பது பெரும்பாலும் ஹீமோகுளோபின் ஏ. அதில் இரண்டு ஆல்ஃபா சங்கிலி, இரண்டு பீட்டா சங்கிலி. ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் இந்தப் பீட்டா சங்கிலியின் முனையில் உள்ள வாலின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியது அந்தச் சிவப்பணு சாகும்வரை பிரியாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் குளுக்கோஸ் இப்படி ஒட்டியிருக்கிறது என்பதுதான் ஏ1சி. ‘மூணு மாசச் சராசரி’ என்று சொல்கிறோம். உண்மையில் கடைசி ஒரு மாதத்துக்குத்தான் அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு.

திருப்பூர்ச் சாயப்பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். துணியில் எவ்வளவு நிறம் ஏறும் என்பது தொட்டியில் உள்ள சாயத்தை மட்டும் பொறுத்ததல்ல. துணி எவ்வளவு நேரம் ஊறியது, நூல் எந்த ரகம் என்பதும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கும். ஏ1சியில் நாம் துணியின் நிறத்தைப் பார்த்துத் தொட்டியில் இருக்கும் சாயத்தைக் கணக்குப் போடுகிறோம். சிவப்பணு 120 நாள் இருக்கும், உள்ளே இருப்பது ஹீமோகுளோபின் ஏ என்ற இரண்டு அனுமானங்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே பிழை இரண்டு வழியில் வரலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒன்று, மெஷினால் வரும் பிழை. ஹீமோகுளோபினின் வடிவம் மாறியிருப்பதால் கருவி அதைத் தவறாக எண்ணிவிடும். வேறு முறையில் அளக்கும் கருவிக்கு மாற்றினால் இது சரியாகிவிடும்.

இன்னொன்று, உடம்பால் வரும் பிழை. சிவப்பணு 120 நாள் வாழாமல் சீக்கிரமே அழிந்துவிடும். குளுக்கோஸ் ஒட்ட நேரமே கிடைக்காது. கருவி மிகச் சரியாக அளந்தாலும் எண் குறைவாகத்தான் வரும். எத்தனை விலை உயர்ந்த மெஷினுக்குப் போனாலும் இது தீராது. அந்த இடத்தில் ஏ1சியை ஓரம் வைத்துவிட்டு வேறு அளவுகோலைத்தான் எடுக்க வேண்டும்.

ஏ1சிக்கும் ஹீமோகுளோபின் வேரியன்ட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1968ல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர், மாறுபட்ட ஹீமோகுளோபின் யாரிடமாவது இருக்கிறதா என்று ரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டை தெரிந்தது. வேரியன்ட் தேடப்போன இடத்தில் ஏ1சி கிடைத்தது என்றே சொல்லலாம்.

நம் பக்கம் யாருக்கு இருக்கலாம்

‘அதெல்லாம் நம்ம ஊர்ல இல்லைங்க’ என்று ஒதுக்க முடியாது. நமக்கு மேற்கே நீலகிரியில் பழங்குடியினரிடம், சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கக்கூடிய அரிவாள் செல் ஹீமோகுளோபின் இருப்பதை 1952லேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் பதிவு செய்தார்கள். இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய ஆரம்பப் பதிவுகளில் அது ஒன்று. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருக்கிறது. ஆனைகட்டி, மேட்டுப்பாளையம், கூடலூர் மலையடிவாரங்களிலிருந்து வரும் பழங்குடிக் குடும்பத்தினரின் ஏ1சியைப் பார்க்கும்போது டாக்டர்களும் லேப்காரர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது திருப்பூர். பனியன் கம்பெனிகளில் அசாம், வங்காளம், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அசாமிலும் வங்காளத்திலும் ஹீமோகுளோபின் ஈ என்ற வேரியன்ட் பரவலாக உண்டு. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் அரிவாள் செல்லுக்குக் காரணமான ஹீமோகுளோபின் எஸ் உண்டு. வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களில் ஹீமோகுளோபின் டி பஞ்சாப் என்ற வேரியன்ட் வரலாம். கம்பெனி மெடிக்கல் கேம்பில் கொத்தாக ஏ1சி எடுக்கும்போது இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும்.

பீட்டா தலசீமியா என்பது பீட்டா சங்கிலி குறைவாக உற்பத்தியாகும் பிறவிக் கோளாறு. அதன் கேரியர் எந்தச் சமூகத்திலும் இருக்கலாம். கேரியர் என்றால், மாறிய மரபணு அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தவர்; நோயாளி அல்ல. வாழ்நாள் முழுக்க ஆரோக்கியமாக இருப்பார், கொஞ்சம் ரத்தசோகை மட்டும் இருக்கும். “எனக்கு எப்பவுமே ஹீமோகுளோபின் பத்துதாங்க, சத்து மாத்திரை எவ்வளவு போட்டாலும் ஏறாது” என்று சொல்பவர்களில் சிலர் கேரியராக இருக்கலாம்.

படி 1: எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஏ1சியைச் சராசரிச் சர்க்கரையாக மாற்ற ஒரு கணக்கு இருக்கிறது. ஏ1சியை 28.7ஆல் பெருக்கி, அதிலிருந்து 46.7ஐக் கழிக்க வேண்டும். ஏ1சி 6 என்றால் சராசரி 126; 7 என்றால் 154; 8 என்றால் 183; 9 என்றால் 212; 10 என்றால் 240.

மேலே சொன்னவருடைய 5.4க்குக் கணக்குப் போட்டால் 108 வருகிறது. வெறும் வயிற்றிலேயே 148 இருப்பவருக்கு நாள் முழுவதன் சராசரி 108 ஆக இருக்க வழியே இல்லை. இந்த இடைவெளிக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். நாற்பது வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஏ1சி 6.6, ‘சுகர் வந்திருச்சு’ என்று சொல்லிவிட்டார்கள். 6.6க்குச் சராசரி 143. அவருக்கோ வெறும் வயிற்றில் 92, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 121. இவருக்குச் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துவதற்குமுன் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெறும் வயிற்றில் மட்டுமே பார்த்துவிட்டு, ‘110தான் இருக்கு, ஏ1சி 8 வருது, லேப் தப்பு’ என்று முடிவுகட்டக்கூடாது. காலையில் சரியாக இருந்து, மதியம் சோறோ களியோ சாப்பிட்டபின் 250க்கு ஏறும் ஆட்கள் நிறைய. அவர்களுக்கு ஏ1சி சொல்வதுதான் உண்மை. இரண்டு வாரத்துக்கு, வெறும் வயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப்போகும் முன் என்று மாற்றி மாற்றிப் பார்த்து நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். அந்த நோட்டுதான் டாக்டரிடம் உங்கள் ஆதாரம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் பார்த்துச் சொல்லும் அளவுகளையும் அதிலேயே எழுதி வையுங்கள். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மாதக்கணக்கில் சேர்ந்த அளவுகள் இந்த விஷயத்தில் ரொம்ப உதவும்.

வீட்டு மெஷினுக்கும் எல்லை உண்டு. சர்வதேசத் தரப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். ரத்தசோகை இருந்தால் பல குளுக்கோமீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பழத்தையோ வெல்லத்தையோ தொட்ட கையைக் கழுவாமல் குத்தினாலும் கூடும். அதனால் மெஷினை வைத்து ஏ1சியைக் குற்றம் சொல்வதற்குமுன் அடுத்த படியைச் செய்துவிடுங்கள்.

படி 2: நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் சரிபாருங்கள்

வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு அல்லது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. வெறும் வயிற்றில் 126 அல்லது மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது மேல் என்றால் சர்க்கரை நோய். வெளிப்படையான அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். ஹீமோகுளோபின் எந்த ரகமாக இருந்தாலும் இந்த அளவுகள் மாறாது, ஏனென்றால் இங்கே அளப்பது நேரடியாகக் குளுக்கோஸை.

ட்யூப்பின் மூடியைக் கவனியுங்கள். குளுக்கோஸுக்குச் சாம்பல் நிற மூடி, ஏ1சிக்கு ஊதா மூடி. சாம்பல் மூடி ட்யூப்பில் ஃப்ளோரைடு இருக்கும். அது இல்லாமல் ரத்தத்தை வைத்திருந்தால், சிவப்பணுக்களே குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும்; மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். கிராமத்துக் கலெக்‌ஷன் சென்டரில் காலை ஏழு மணிக்கு எடுத்த சாம்பிள் மதியம்தான் கோவைக்குப் போய்ச் சேருகிறது என்றால் இது சின்ன விஷயமல்ல. முடிந்தால் மெஷின் இருக்கும் லேபுக்கே நேராகப் போய்க் கொடுங்கள். ஏ1சி சாம்பிளுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. குளிர்ப்பெட்டியில் சில நாள் தாங்கும்.

படி 3: ஏ1சி ரிப்போர்ட்டை முழுவதும் படியுங்கள்

எண்ணைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துவிடுகிறோம். எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘முறை’ என்று ஒரு வரி இருக்கும். தேவையானது அங்கேதான் இருக்கிறது.

எச்பிஎல்சி என்று இருந்தால், பெரும்பாலும் அது அயனிப் பரிமாற்ற முறை. மின்சுமையை வைத்து ஹீமோகுளோபின் வகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைபடமாக அச்சிடும். பல லேப்கள் அந்த வரைபடத்தையும் ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுக்கின்றன. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில் இடப்பக்கம் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். நடுவில் ஏ1சி என்று குறித்த ஒரு மேடு. வலப்பக்கம் ஏ0 என்ற பெரிய மலை, அதாவது குளுக்கோஸ் ஒட்டாத ஹீமோகுளோபின் ஏ. சாதாரண ரத்தத்தில் அதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஏ0வுக்கு அப்பால் இன்னொரு பெரிய மேடு எழுந்திருந்தாலோ, ஏ1சி மேடு இரட்டைத் தலையோடு தெரிந்தாலோ, பட்டியலில் ‘எஸ்’ என்றோ ‘வேரியன்ட்’ என்றோ ‘அன்னோன்’ என்றோ ஒரு வரி வந்திருந்தாலோ, அதைப் பற்றிக் கேட்காமல் லேபை விட்டு வராதீர்கள்.

தவறு எப்படி நுழைகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். அரிவாள் செல் கேரியருக்குப் பாதிக்கு மேல் ஹீமோகுளோபின் ஏ இருக்கும், மீதியில் பெரும்பகுதி எஸ். குளுக்கோஸ் இரண்டிலும் ஒட்டும். ஏவில் ஒட்டியது ஏ1சி மேட்டில் விழும். எஸ்ஸில் ஒட்டியதன் மின்சுமை வேறு என்பதால் அது வேறிடத்தில் போய் விழும். கருவி எஸ்ஸை மொத்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, எஸ்ஸில் ஒட்டிய பங்கை ஏ1சியில் சேர்க்காமல் விட்டால் சதவீதம் குறைந்துவிடும். சில அபூர்வ வேரியன்ட்டுகள் நேராக ஏ1சி மேட்டின் மேலேயே வந்து உட்காரும். அப்போது எண் வானத்துக்கு ஏறும். இன்றைய நல்ல கருவிகள் எஸ், சி (இதுவும் ஒரு வேரியன்ட்), டி, ஈ கேரியர்களைப் பெரும்பாலும் அடையாளம் கண்டு, கணக்கைத் திருத்திக்கொள்கின்றன. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்தது அது. ஏ1சி அளவீட்டைத் தரப்படுத்த அமெரிக்காவில் 1996ல் தொடங்கிய என்.ஜி.எஸ்.பி. என்ற அமைப்பு, எந்தக் கருவியில் எந்த வேரியன்ட் குறுக்கிடும் என்ற அட்டவணையைத் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. லேப் டெக்னீஷியனிடம் கருவியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டால் டாக்டர் அதில் பார்த்துக்கொள்ளலாம்.

‘இம்யூனோ’ என்று தொடங்கும் முறை எதிர்ப்புரதத்தை வைத்து அளப்பது. அது பீட்டா சங்கிலியின் முனையில் உள்ள சில அமினோ அமிலங்களை மட்டுமே பார்க்கும். எஸ்ஸிலும் சியிலும் மாற்றம் ஆறாவது இடத்தில், முனைக்கு அருகிலேயே இருப்பதால் சில கிட்டுகளில் குழப்பம் வரலாம். ஈயில் மாற்றம் 26வது இடத்தில், டி பஞ்சாபில் 121வது இடத்தில். அவ்வளவு தூரத்தில் இருப்பதால் இந்த முறைக்கு அவை பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனால் இந்த முறையில் வரைபடம் கிடையாது. வேரியன்ட் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

போரனேட் அஃபினிட்டி என்ற முறை, ஹீமோகுளோபின் எந்த ரகம் என்று பார்க்காமல், குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வேரியன்ட்டுகளின் குறுக்கீடு இதில்தான் மிகக் குறைவு. கேப்பிலரி எலக்ட்ரோஃபோரிஸிஸ் முறையும் பல வேரியன்ட்டுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

சந்தேகம் வரவேண்டிய வேறு இடங்களும் உண்டு: ஏ1சி 15க்கு மேல் போவது, 4க்குக் கீழே இறங்குவது, லேபை மாற்றியதும் எண் தலைகீழாக மாறுவது. லேப் மாறி 9 திடீரென்று 6 ஆனால் பத்தியத்தின் பலன் என்று மகிழ்வதற்குமுன் இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘முறை’ வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ‘வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒண்ணும் பண்ணாது’ என்று நம்புபவர்கள் நம் பக்கம் அதிகம். உடம்புக்குள் போனால் இரண்டும் சர்க்கரைதான். பொய்யாகக் குறைந்த ஒரு ஏ1சி கையில் கிடைத்துவிட்டால் அந்த நம்பிக்கைக்கு லேப் சர்டிஃபிகேட்டே கிடைத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் அவரை மாற்றுவது கஷ்டம்.

படி 4: சிபிசி எடுங்கள்

சாதாரண ரத்த அணுச் சோதனைதான், எந்தச் சின்ன லேபிலும் எடுப்பார்கள். ஹீமோகுளோபின் அளவோடு இரண்டு எண்களைப் பாருங்கள்: எம்சிவி என்பது சிவப்பணுவின் அளவு, ஆர்பிசி என்பது எண்ணிக்கை. எம்சிவி 80க்குக் கீழே இருந்தால் அணு சிறுத்திருக்கிறது. அதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா கேரியர்.

பிரித்தறிய ஒரு பழைய கணக்கு: எம்சிவியை ஆர்பிசியால் வகுங்கள். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியராக இருக்க வாய்ப்பு அதிகம், மேலே வந்தால் இரும்புக் குறைவு. உதாரணமாக எம்சிவி 64, ஆர்பிசி 5.8 என்றால் 11, தலசீமியா பக்கம். எம்சிவி 70, ஆர்பிசி 3.9 என்றால் ஏறக்குறைய 18. இரும்புக் குறைவின் பக்கம். இது சந்தேகப்படுவதற்கான கணக்குதான், உறுதி செய்வதற்கானது அல்ல. உறுதிக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும், படி 6ல் வரும் சோதனையும் வேண்டும்.

இரும்புக் குறைவு ஏ1சியைப் பொய்யாகக் கூட்டும். படி 1ல் சொன்ன 6.6 பெண்ணுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரும்பு மாத்திரை போட ஆரம்பித்ததும் புது அணுக்கள் உற்பத்தியாகி ஏ1சி தானாகக் கீழே வரும். சர்க்கரை மாத்திரையால் இறங்கியது என்று அதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு.

படி 5: சிவப்பணுவின் ஆயுளை மாற்றும் எதுவாவது நடந்ததா

வேரியன்ட் சோதனைக்குப் போகும்முன் இதை முடித்துவிடுங்கள், செலவில்லாதது. கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றினார்களா? ரத்ததானம் செய்தீர்களா? ஆபரேஷன், விபத்து, பிரசவத்தில் அதிக ரத்தம் போனதா? டயாலிசிஸ் நடக்கிறதா, அதற்காகச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுகிறீர்களா? தோல் வியாதிக்கு டாப்சோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சிவப்பணு எளிதில் உடையக் காரணமாகும் ஜி6பிடி என்ற பிறவி நொதிக் குறைபாடு இருப்பதாக எப்போதாவது சொன்னார்களா? இவை எல்லாமே ஏ1சியைக் குறைத்துக் காட்டக்கூடியவை. ரத்தம் ஏற்றினால் மட்டும், கொடுத்தவருடைய சர்க்கரையைப் பொறுத்து எந்தப் பக்கமும் போகலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஏ1சி இயல்பாகவே குறைந்து வரும். அவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் பார்க்கும் சோதனைதான் சரி. 140 அல்லது மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. ஏ1சி நார்மல் என்று காட்டி இந்தச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது.

படி 6: ஹீமோகுளோபின் வேரியன்ட் சோதனை

எண்கள் இன்னும் ஒத்துவரவில்லை, ரிப்போர்ட்டிலோ சிபிசியிலோ சந்தேகம் இருக்கிறது என்றால் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: “டாக்டருங்க, சுகர் அளவும் ஏ1சியும் ஒத்து வரலைங்க. ஹீமோகுளோபின் வேரியன்ட் இருக்கான்னு எச்பிஎல்சி எடுத்துப் பார்க்கலாமுங்களா?” இது ஏ1சிக்காக எடுக்கும் எச்பிஎல்சி அல்ல, வேரியன்ட்டைக் கண்டறியவே தனியாக எடுப்பது. லேபில் பேர் சொல்லும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு ஏ1சியே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ரத்தம் ஏற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்து எடுப்பது நல்லது, இல்லையேல் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்து தெரியும். இரும்புக் குறைவு கடுமையாக இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அது ஏ2 என்ற வகையைக் குறைத்து, தலசீமியா கேரியரை மறைத்துவிடக்கூடும்.

முடிவில் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். ஏ2 சாதாரணமாக 3.5 சதவீதத்துக்குள் இருக்கும். 4க்கு மேல் போனால் பீட்டா தலசீமியா கேரியர் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஏ2 இருக்கும் இடத்தில் 25, 30 சதவீதம் என்று வந்தால் ஹீமோகுளோபின் ஈ கேரியர். ஈயும் ஏ2வும் அங்கே ஒன்றாகத்தான் வந்து விழும். எஸ் 35லிருந்து 40 சதவீதம், ஏ அதைவிட அதிகம் என்றால் அரிவாள் செல் கேரியர். ஏ சுத்தமாக இல்லாமல் எஸ் மட்டுமே நிறைந்திருந்தால் அது அரிவாள் செல் நோய். உடனே ரத்தநோய் நிபுணரிடம் போக வேண்டும்.

படி 7: ஏ1சியைத் தொடர்வதா, விடுவதா

எஸ், டி, ஈ கேரியர்கள்: உடம்பில் ஹீமோகுளோபின் ஏவும் போதுமான அளவு இருப்பதால், அந்த வேரியன்ட் குறுக்கிடாத முறையில் ஏ1சி எடுத்துத் தொடரலாம். போரனேட் முறை உள்ள லேப் கிடைத்தால் நல்லது. ஆனாலும் அதை ஒற்றைச் சாட்சியாக எடுக்கக்கூடாது. 2017ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், அரிவாள் செல் கேரியராக உள்ள கறுப்பின மக்களுக்கு, அதே அளவு சர்க்கரை உள்ள மற்றவர்களைவிட ஏ1சி ஏறக்குறைய 0.3 புள்ளி குறைவாக இருந்தது. 6.5 என்ற கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு 0.3 பெரிய விஷயம்.

தலசீமியா கேரியர்: பெரும்பாலானவர்களுக்குப் பாதிப்பு சிறியது, ஆளுக்கு ஆள் மாறும். சர்க்கரை அளவுகளோடு ஒத்துப் போகிறதா என்று ஒருமுறை நன்றாகச் சரிபார்த்துவிட்டு, ஒத்துப்போனால் தொடரலாம்.

அரிவாள் செல் நோய், தலசீமியா மேஜர் (தலசீமியாவின் கடுமையான வகை), அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள்: ஏ1சி வேண்டாம். எந்த முறையிலும் வேண்டாம். அரிவாள் செல் நோயில் ஏ இல்லாததால் ஏ1சி என்ற பொருளே ரத்தத்தில் இல்லை, அணுவும் சில வாரங்களிலேயே அழிந்துவிடுகிறது. அந்த நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கு, குழந்தைப் பருவ வகையான ஹீமோகுளோபின் எஃப் கூடியிருக்கும். எஃப்பில் பீட்டா சங்கிலியே கிடையாது என்பதால் இம்யூனோ முறை அதைப் பார்க்கவே பார்க்காது. அப்படியும் ஏதோ ஒரு எண் அச்சாகி வரும். அதை நம்பி மருந்தை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவதுதான்.

படி 8: ஏ1சிக்குப் பதிலாக எதைப் பார்ப்பது

அடிப்படை, நரம்பு ரத்தத்தில் வெறும் வயிறு, சாப்பிட்டபின் அளவுகள். வீட்டில் குளுக்கோமீட்டர் நோட்டு. முறையாகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு இவையே போதும் என்பது என் எண்ணம்.

ஃப்ரக்டோசமைன் என்று ஒரு சோதனை இருக்கிறது. ஹீமோகுளோபினுக்குப் பதிலாக ரத்தத்தில் உள்ள புரதங்களில், முக்கியமாக அல்புமினில், ஒட்டிய சர்க்கரையை அளப்பது. அதனால் வேரியன்ட் எதுவும் அதைத் தொடாது. காட்டுவது கடைசி இரண்டு மூன்று வாரத்தை மட்டும். கிளைகேட்டட் அல்புமின் சோதனையும் இதே வழிதான். கோவை, ஈரோட்டுப் பெரிய லேப்களில் கேட்டுப் பாருங்கள். அங்கேயே செய்யாவிட்டாலும் சாம்பிளை வெளியூருக்கு அனுப்பிச் செய்வார்கள். சிறுநீரில் புரதம் அதிகம் போகிறவர்கள், கல்லீரல் சுருக்கம், தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு இவையும் தவறாகலாம். அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கையில் ஒட்டும் சென்சார், இரண்டு வாரத்துக்கு இரவும் பகலும் அளந்து சராசரியைச் சொல்லிவிடும். செலவு அதிகம். ஆனால் ஏ1சியை நம்ப முடியாத ஒருவர் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போட்டுப் பார்ப்பது செலவுக்குத் தகுந்த பலன் தரும். நாளில் 70 சதவீத நேரத்துக்கு மேல் சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் இருப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்ல இலக்கு. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலக்கு வேறு.

படி 9: ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்

வேரியன்ட் உறுதியானபின் அதை மறக்கவிடாதீர்கள். ஊர் மாறும், டாக்டர் மாறுவார், லேப் மாறும். புதிதாகப் பார்ப்பவருக்கு ஏ1சி எண் மட்டும்தான் கண்ணில் படும். முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: எந்த வேரியன்ட், எந்தத் தேதியில், எந்த முறையில் உறுதியானது, ஏ1சி எடுக்கலாமா, எடுக்கலாம் என்றால் எந்த முறையில், உங்களுக்கு நம்பகமான அளவுகோல் எது. எச்பிஎல்சி வரைபடத்தின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள். போனில் ஒரு ஃபோட்டோவும் இருக்கட்டும்.

அப்புறம், இது பிறவியில் வருவது. உங்களுக்கு இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளுக்கும் இருக்கலாம். அவர்களில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அவர்களுடைய ஏ1சியையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகள் இருந்தால், குறிப்பாகச் சொந்தத்திலேயே பெண் பார்க்கிறீர்கள் என்றால், இரு பக்கமும் சோதனை செய்துவிடுங்கள். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் பயமில்லை. இருவரும் தலசீமியா கேரியர் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் எஸ், இன்னொருவர் தலசீமியா, அல்லது ஒருவர் ஈ, இன்னொருவர் தலசீமியா என்ற சேர்க்கையும் அதேபோல் கவனிக்க வேண்டியது. கைக்குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் எஃப் இயல்பாகவே அதிகம், ஏ2வும் பெரியவர்கள் அளவுக்கு வந்திருக்காது. ஆகவே தலசீமியா கேரியரா என்று பார்க்க ஒரு வயது தாண்டும்வரை பொறுங்கள். அரிவாள் செல் சந்தேகம் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் பிறந்தவுடனேயே டாக்டரிடம் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.